எரியாத மிளகாயின் விதை

"ஒரு செடியோட காய் எரியல. அந்தக் காயோட விதையைப் போட்டு வந்த செடியில காய் மட்டும் எப்படி எரியும்? நீ படிச்ச புள்ளதானே, சொல்லு."

மாடிப்படியில் வழிமறித்துப் பார்லர் அக்கா இதைக் கேட்டபோது நான் பள்ளிக்கூடம் முடித்து வெளியே வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பூவைப் படம் வரைந்து பாகங்களைக் குறித்து முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஆனாலும் பதில் தெரியவில்லை. அவர் கையில் வைத்திருந்த சிவந்த மிளகாயை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கிப் போனார். எந்தப் பதிலுக்காக அவர் அப்படி அலைந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததை அப்படியே எழுதுகிறேன்.

தெருமுனை அழகு நிலையத்தில் புருவம் திருத்துவதும் கண்ணுக்கு மை தீட்டுவதும் அவர் வேலை. அதனால் கட்டடம் முழுக்க அவருக்குப் பார்லர் அக்கா என்றே பேர். பின்பக்க வீடு. ஓர் அறை, ஒரு சமையலறை, எதிர்க் கட்டடத்துச் சுவரை மட்டுமே பார்க்கும் ஒரு ஜன்னல். கணவர் லிஃப்ட் மெக்கானிக். நின்றுபோன லிஃப்டுகளுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம் வெளியே நின்று வேடிக்கையாகப் பேச்சுக் கொடுத்தபடியே சரிசெய்கிற மனிதர். அந்த வாயில்தான் புற்றுநோய் வந்தது. நாக்கின் ஓரத்தில் ஆறாத புண் என்று போனவருக்கு ஆபரேஷன் செய்து, கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்து, அனுப்பும்போது மூக்கு வழியாகக் குழாய் போட்டு அனுப்பினார்கள்.

கொஞ்ச நாள் கழித்து அந்தக் குழாயை எடுத்தார்கள். எடுக்கும்போதே டாக்டர் சொல்லிவிட்டார், வாயால் சாப்பிட்டு உடம்பு தேறினால் சரி, இளைத்தால் மறுபடியும் குழாய்தான், இந்த முறை நேரே வயிற்றில். லிஃப்ட்காரர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து சூப்பை வாயில் வைத்ததும் கரண்டியைத் தள்ளிவிட்டார். எச்சில் வற்றிப்போன வாய். எதைத் தின்றாலும் மரத்தூளை மெல்வதுபோல் இருக்கிறதென்றார். காரமோ, கிட்டவே போகக் கூடாது. ஒரு மிளகுத்தூள் பட்டாலும் உள்கன்னம் தோலுரிந்துவிடும்.

"வாசனை இருந்தாத்தான் எச்சில் ஊறும்" என்று ஆஸ்பத்திரியில் விழுங்கப் பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னாள். "காரம் இல்லாம வாசனை மட்டும் குடுத்துப் பாருங்க. வாடாத இலையா இருந்தா நல்லது."

வாடாத இலைக்கு எங்கே போவது? பார்லர் அக்கா முட்டை அட்டையில் மண்ணை நிரப்பினார். தனியாவைப் பாட்டிலால் உருட்டி இரண்டாக உடைத்து ஊன்றினார். முளைத்தது. முளைத்ததெல்லாம் வெளிச்சத்தைத் தேடிக் கழுத்து நீண்டு, கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தூங்கிவிட்டன. அதைப் பார்த்துத்தான் லிஃப்ட்காரர் படுக்கையை விட்டு எழுந்தார். பழைய லிஃப்ட் ஒன்றின் கூரையிலிருந்து கழற்றி வைத்திருந்த விளக்குப் பலகையைத் தேடி எடுத்தார். உத்தரத்தில் ஒரு சின்னக் கப்பி மாட்டி, கயிற்றை இழுத்தால் விளக்கு ஏறவும் விட்டால் இறங்கவுமாகச் செய்துவிட்டார். செடி வளர வளர விளக்கை உயர்த்தலாம். காலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குழறிய நாக்கோடு கேட்பார்.

"எந்த மாடி மேடம்?"

"ரெண்டு விரக்கடை மேல போங்க" என்பார் பார்லர் அக்கா. அந்த வீட்டில் வெகுநாள் கழித்துச் சிரிப்புச் சத்தம் கேட்டது அந்தக் கயிற்றடியில்தான்.

கொத்தமல்லியும் வெந்தயக் கீரையும் தழைத்தன. இருந்தாலும் லிஃப்ட்காரர் ஏங்கியது மிளகாய்க்கு. விதைக் கடைக்காரர் அலமாரியின் அடியில் துழாவி ஒரு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். "வாசம் மிளகாய் வாசமேதான்மா. காரம்னு ஒண்ணு கிடையாது. இதான் கடைசிப் பாக்கெட்டு, இனிமே இந்த ரகம் வராதாம். விதை எடுத்து வச்சுக்க."

மிளகாய் விதைக்குச் சூடு வேண்டும். ஈரத் துணியில் சுற்றிய விதைகளைப் பார்லர் அக்கா வேலை செய்யும் இடத்தில், வாடிக்கையாளர் முகத்துக்குத் துண்டு சூடாக்கும் பெட்டியின் தலையில் வைத்தார். பார்லர் முதலாளியம்மா மூக்கைச் சுளித்தார். "இது டவலுக்கு வாங்கின பெட்டியா, உன் மிளகாய்க்கு வாங்கினதா?"

"மேலதான் மேடம் வச்சிருக்கேன். உள்ள வைக்கல. உங்க டவல் காரமாகாது."

செடி வந்தது, பூ வந்தது, வந்த பூவெல்லாம் காம்போடு கழன்று விழுந்தது. மறுபடியும் விதைக் கடை. கடைக்காரர் சிரித்தார். "ரூமுக்குள்ள காத்தா அடிக்குது, தேனீயா வருது? நீதான் தேனீ. மெல்லிசா ஒரு பிரஷ் இருந்தா பூவுக்குள்ள லேசா தடவிவிடு. ஒரு பூவுல தொட்டு இன்னொரு பூவுல தொடு."

பிரஷுக்கா பஞ்சம்? நுனி தேய்ந்துபோய் ஒதுக்கி வைத்திருந்த மை தீட்டும் பிரஷ் ஒன்று அக்காவின் கைப்பையிலேயே கிடந்தது. அன்றிலிருந்து வேலைக்குக் கிளம்புமுன், வாடிக்கையாளரின் இமையில் கோடு இழுக்கும் அதே நிதானத்தோடு, ஒவ்வொரு வெள்ளைப் பூவிலும் தடவிவிட்டுத்தான் செருப்பு மாட்டுவார். பூக்கள் நின்றன. காய்கள் தொங்கின.

முதல் காயைத் தக்காளி சூப்பில் கீறிப் போட்ட அன்று லிஃப்ட்காரர் கரண்டியை மூக்கருகே வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். "மிளகாய்" என்றார். பிறகு கடைவாயில் ஏதோ வழிவதைத் தொட்டுப் பார்த்து, அது எச்சில் என்று தெரிந்ததும் பெண்டாட்டியைப் பார்த்தார். கிண்ணம் காலியாயிற்று. அடுத்த முறை ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது இளைக்கவில்லை. வயிற்றுக் குழாய்ப் பேச்சைத் தள்ளிப்போட்டார்கள்.

இந்த இடத்தில் நாத்தனாரைச் சொல்லியாக வேண்டும். லிஃப்ட்காரரின் அக்கா. பஸ் டிப்போவில் வண்டிகளை உள்ளே கூட்டித் துடைக்கும் வேலை. காலை வண்டிகள் கிளம்பிப் போனதும் நேரே தம்பி வீட்டுக்கு வந்துவிடுவார். பார்லர் அக்கா வேலையில் இருக்கும் பகல் முழுக்க, சமைத்து, ஊட்டி, வாய் கழுவிவிட்டு, தம்பியை வைதுகொண்டே இருந்துவிட்டுப் போவது அவர்தான். அவருடைய சாப்பாட்டு டப்பாவின் மூலையில் பச்சை மிளகாய் எப்போதும் இருக்கும். வெள்ளரிப் பிஞ்சைக் கடிப்பதுபோல் கடித்துக்கொள்வார். கண்ணில் ஒரு சொட்டு நீர் வராது.

"அண்ணி, உங்க நாக்க அறுத்துப் பாத்தா உள்ள செங்கல்லுதான் இருக்கும்" என்பார் பார்லர் அக்கா.

"நீ வளக்குறியே, அதுக்குப் பேரு மிளகாயா? உன் புருஷன் மாதிரி பேருக்குத் தொங்குது."

"பாருடி, எங்கக்காவ" என்று லிஃப்ட்காரர் கட்டிலிலிருந்து புகார் சொல்வார். இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில் பார்லர் முதலாளியம்மா வரவேற்பு மேஜைமேல் அழகுக்காக ஒரு குட்டை மிளகாய்ச் செடி வாங்கி வைத்தார். கருநீலத் தண்டு, ஊதாப் பூ. ஏசி அறையில் அதுவும் பூவை உதிர்த்தது. "உன் வீட்டுச் செடி மட்டும் காய்க்குது, என்னோடது மலடா?" என்றார். பார்லர் அக்கா கைப்பையிலிருந்த பிரஷை எடுத்துத் தடவிவிட்டார். செடி நிறையக் குட்டிக் காய்கள் வானத்தைப் பார்த்து நின்றன. முதலாளியம்மாவுக்கு வாயெல்லாம் பல். அது முதல் அந்தப் பிரஷ் காலையில் வீட்டுச் செடிக்கும் பகலில் பார்லர் செடிக்கும் மறுநாள் காலையில் மறுபடி வீட்டுச் செடிக்குமாகக் கைப்பையில் போய்வந்தது.

ஒருத்தர் கண்ணைத் தொட்ட பிரஷை ஸ்பிரிட்டில் துடைக்காமல் இன்னொருத்தர் கண்ணருகே கொண்டுபோனவர் அல்ல அவர். அதில் அவ்வளவு கறார். செடிதானே என்று விட்டுவிட்டார்.

வீட்டுச் செடியில் அதற்குப் பிறகு வந்த காய்களும் எரியவில்லை. அவற்றில் நன்றாகப் பழுத்தவற்றைப் பிளந்து விதை எடுத்தார். பழைய செடிகள் வாடத் தொடங்கும்போது புது விதை துண்டுப் பெட்டியின் தலையில் ஏறியது. புதுச் செடிகளின் கணுக்களில் லேசாக ஊதா ஓடியிருந்தது. கேட்டதற்கு, விளக்குச் சூடு அதிகமானால் தண்டு அப்படிக் கறுக்கும் என்றார் விதைக் கடைக்காரர். விளக்கை இன்னும் ஒரு மாடி ஏற்றினார்கள். அந்த நாட்களில் ஆஸ்பத்திரிக்கும் பார்லருக்கும் ஓடியதில், புதுப் பூக்களின் ஓரத்தில் ஒரு மெல்லிய ஊதாக் கோடு இருந்ததை அக்கா உற்றுப் பார்க்கவில்லை. உற்றுப் பார்ப்பதே தொழிலான கண்கள் அவருடையவை.

புதுச் செடியில் முதலில் முற்றிய காய்களை அன்று பகலில் நாத்தனார் பறித்தார். மசித்த உருளைக்கிழங்கில் நசுக்கிப் போட்டு வெண்ணெய் சேர்த்தார். ஒரு வாய் எடுத்துச் சுவைத்தும் பார்த்தார். அவர் நாக்குக்கு அது வெறும் கிழங்கு. இரண்டாவது கரண்டியிலேயே லிஃப்ட்காரர் கட்டிலிலிருந்து உருண்டு கீழே விழுந்தார்.

பார்லர் அக்கா ஓடி வந்தபோது ஒரு கையில் தண்ணீர்ச் சொம்பும் மறுகையில் தம்பியின் தலையுமாக நாத்தனார் தரையில் உட்கார்ந்திருந்தார். தம்பியின் வாயிலிருந்து இரத்தம் கலந்த நீர் வடிந்தது. சமையல் மேடையில் நாத்தனாரின் டப்பா திறந்து கிடந்தது. அதன் மூலையில் ஒரு பச்சை மிளகாய்க் காம்பு.

"என்னத்தப் போட்டீங்க?"

"இந்தச் செடியில பறிச்சதுதான்மா."

"இந்தச் செடியா?" பார்லர் அக்கா விறுவிறுவென்று போய்க் கைக்கு எட்டிய பிஞ்சு ஒன்றைக் கிள்ளி, நாத்தனார் முகத்துக்கு நேரே நின்று, மென்று விழுங்கினார். "எரியுதா? எனக்கு எரியலையே. எங்க எரியுது?"

பிஞ்சில் காரம் ஏறியிருக்காது. அது அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

"நான் ருசி பாத்துட்டுத்தான் குடுத்தேன்" என்றார் நாத்தனார்.

"ருசி பாத்தீங்களா? பாத்தும் குடுத்தீங்களா?"

"எனக்கு ஒண்ணும் தெரியல. சத்தியமா."

"தெரியாது. உங்களுக்கு எதுதான் தெரியும்? செடிகிட்ட போய்ப் பறிக்கச் சோம்பல். டப்பாவுல இருந்தத நசுக்கிப் போட்டாச்சு. செத்தா எனக்குத்தானே புருஷன். உங்களுக்கென்ன, கழுவ பஸ் இருந்தாப் போதும்."

நாத்தனார் எதிர்த்துப் பேசுகிறவர். ஆனால் அன்று தம்பியைத்தான் பார்த்தார், அவன் ஏதாவது சொல்வானா என்பதுபோல. தம்பி வாயைப் பொத்தியபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நாத்தனார் அவர் தலையை மெதுவாகத் தலையணையில் வைத்தார். டப்பாவை மூடினார். மாற்றுச் சாவியை அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு, "அவன் வாய வெந்நீர்ல கழுவாத. ஆறின தண்ணிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"இனிமே உங்க கையால ஒரு வாய்த் தண்ணி வேண்டாம்" என்று பார்லர் அக்கா படி இறங்கும் காலடிச் சத்தத்தைத் துரத்திக்கொண்டு கத்தியது எல்லா வீட்டுக்கும் கேட்டது.

புண் ஆறியது. பயம் ஆறவில்லை. கரண்டியைப் பார்த்தாலே லிஃப்ட்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். கெஞ்சினார்கள், மிரட்டினார்கள். விழுங்கப் பயிற்சி கொடுக்கும் பெண் வீட்டுக்கே வந்து பார்த்தாள். உடம்பு கரைந்தது. டாக்டர் முன்பே சொன்னபடி வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். அதன் பிறகு வாசனையைப் பற்றி அந்த வீட்டில் பேச்சில்லை. விளக்கு இருந்த உயரத்திலேயே தொங்கியது. எந்த மாடி என்று கேட்க ஆளில்லை. கொத்தமல்லி காய்ந்து தட்டையாயிற்று. மிளகாய்ச் செடிகள் மட்டும், பாத்திரம் கழுவிய நீரைப் போகிறபோக்கில் ஊற்றியதற்கே, கொத்துக் கொத்தாய்ச் சிவந்தன.

ஒருநாள் அவற்றைப் பிடுங்கிப் போடலாம் என்று போன பார்லர் அக்கா, என்ன தோன்றியதோ, ஒரு பழத்தைப் பறித்துக் கடித்தார். கண் இருண்டது. பைப்பில் வாயை வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். நாக்கு அடங்கியதும் அடுத்த செடியில் ஒன்று கடித்தார். அதுவும் நெருப்பு. பிறகுதான் படியில் என்னை மறித்தார்.

பதில் அவருக்குப் பார்லரில் கிடைத்தது. புதிதாகச் சேர்ந்திருந்த இன்னொரு அழகுக்கலைக்காரி, வாய் ஓயாமல் பேசுகிறவள், ஒரு வாடிக்கையாளருக்கு மை தீட்டிய பிரஷோடு அடுத்தவரிடம் போனாள்.

"ஏய், துடைச்சியா அத? ஒருத்தர் கண்ணுல இருக்கறது அப்படியே அடுத்தவங்க கண்ணுக்குப் போகும்னு தெரியாது? வெளிய ஒண்ணும் தெரியாது, அப்புறமாத்தான்..." என்று வைதுகொண்டிருந்த பார்லர் அக்காவுக்கு வாய் அப்படியே நின்றது. எதிரே மேஜைமேல் முதலாளியம்மாவின் செடி ஊதாப் பூவோடு நின்றுகொண்டிருந்தது.

"என்னக்கா, பாதியில நிறுத்திட்டீங்க? திட்டறத முழுசாத் திட்டிடுங்க" என்றாள் அவள்.

விதைக் கடைக்காரரிடம் போய் நின்றார். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ரெண்டு ரகத்துக்கும் ஒரே பிரஷாம்மா? தடவினப்போ வந்த காய் தாய்ச்செடி மாதிரித்தான் இருக்கும், எரியாது. கலப்பு விதைக்குள்ள போயிடும். அந்த விதை முளைச்சுக் காய்க்கும்போதுதான் அடுத்ததோட குணம் வெளிய வரும். நீ கணு ஊதான்னு சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும். ரெண்டாவது செடி இருக்குன்னு நீயும் சொல்லல."

வீட்டுக்கு வந்து லிஃப்ட்காரரின் கட்டில் காலடியில் உட்கார்ந்தார். குழாயில் பால் இறங்கிக்கொண்டிருந்தது. பிரஷ், ஊதாப் பூ, பிஞ்சு எல்லாவற்றையும் சொன்னார். "அண்ணி பொய் சொல்லலைங்க. செடியிலதான் பறிச்சிருக்காங்க."

லிஃப்ட்காரர் ஆச்சரியப்படவில்லை. குழறலாக, ஆனால் தெளிவாகச் சொன்னார். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"எனக்கு ஊட்டறதுக்கு முன்னாடியே அக்கா சாப்ட்டா. டப்பாவுல ஒரே ஒரு மிளகாய்தான் இருந்தது. என் முன்னாடி உக்காந்து கடிச்சு முடிச்சா. காம்ப டப்பாவுல போட்டா. அப்புறந்தான் செடிகிட்ட போனா."

பார்லர் அக்கா கேட்டார். "அப்ப ஏன் சொல்லல? அன்னிக்கு வாய் வெந்திருந்துச்சு, சரி. அப்புறம்? இத்தன நாள் வாயில்லையா உங்களுக்கு?"

அவர் குழாயைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "அவ வெளிய போயிட்டா. நீயும் கோவிச்சுட்டா எனக்குப் பால் ஊத்த யாரு இருக்கா?"

பால் தீர்ந்ததும் பார்லர் அக்கா எழுந்து குழாயைக் கழுவி மூடினார். வழக்கம்போலத்தான் கழுவினார்.

மறுநாள் டிப்போவுக்குப் போனார். நாத்தனார் வேலையை விட்டு எப்போதோ போய்விட்டதாகச் சொன்னார்கள். குடியிருந்த வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. எங்கே போனார் என்று டிப்போவில் கூட வேலை பார்த்தவரிடம் கேட்டபோது அந்தப் பெண் துடைப்பத்தை நிறுத்தாமலே சொன்னாள். "நீங்கதானா அந்தத் தம்பி பொண்டாட்டி? எங்க போனாங்கன்னு தெரியாது, போயிட்டு வாங்க. அந்தம்மா அதுக்கப்புறம் மிளகாயே தொடல, தெரியுமா? இங்க இருந்த கடைசி நாள் வரைக்கும் டப்பா மூலை காலியாத்தான் இருந்துச்சு. என் நாக்கு செத்த நாக்கு, அதான் தம்பிக்கு அப்படி ஆச்சுன்னுட்டு."

பார்லர் அக்காவுக்கு அதைக் கேட்டு அழுகை வரவில்லை என்று அவரே சொன்னார். வந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும் என்றும் சொன்னார். தன் மேல் விழுந்த பழியை அந்த அம்மாள் நம்பியே விட்டார். செடியில்தான் பறித்தோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும், ஆனால் செடியிலும் தப்பிருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தன் நாக்கில்தான் தப்பு என்று முடிவுகட்டிக்கொண்டு போய்விட்டார்.

லிஃப்ட்காரர் இப்போது சில நாள் அக்கா என்று மட்டும் சொல்கிறார். பால் வேண்டுமா என்று கேட்டால் தலையை ஆட்டுகிறார். பார்லர் அக்காவின் கைப்பையில் இப்போது அந்தப் பிரஷ் இல்லை. முதலாளியம்மாவின் செடி காய்க்கவில்லை என்று முதலாளியம்மா தினமும் சொல்லிக்காட்டுகிறார். அது பாட்டுக்கு உதிரட்டும் என்று விட்டுவிட்டார்.

இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். படித்துவிட்டு வைத்துவிடாதீர்கள், யாரிடமாவது சொல்லுங்கள். கேட்டவர்களையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்குத் தெரிந்த இடத்தில், பஸ்ஸோ கூடமோ எதையோ கூட்டித் துடைக்கிற ஓர் அம்மாள் இருக்கலாம். பேச்சில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதவர், சாப்பிடும்போது மட்டும் டப்பாவின் காலி மூலையைக் குனிந்து பார்க்கிறவர். அவரிடம் இந்தக் கதை போய்ச் சேர வேண்டும். அவர் திரும்பி வரவேண்டும் என்றோ மன்னிக்க வேண்டும் என்றோ கேட்கவில்லை, அது அவர் இஷ்டம். அவர் நாக்கில் ஒரு குறையும் இல்லை, காய்தான் எரிந்தது, எரிய வைத்தது வேறொரு கை என்று மட்டும் யாராவது அவருக்குச் சொல்லிவிடுங்கள்.